வாடகை வீட்டில் ஒரு மீன் குழம்புச் சாப்பாடு: முதல்முறை சமைப்பவர்களுக்கு

நான் வளர்ந்தது மேட்டூர் பக்கம். எங்களுக்கு மீன் என்றால் அணை மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆரால். இந்த நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு சென்னைக்கு வேலைக்கு வந்தேன். மூன்றாவது மாதம் ஹோட்டல் சாப்பாடு வெறுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் நின்று "அரைக் கிலோ மீன் கொடுங்கக்கா" என்றேன். மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீனுன்னா எந்த மீனு தம்பி?" என்றார். பதில் தெரியவில்லை. எதையோ கைகாட்டி வாங்கி வந்து, கறிக்குழம்பு வைப்பதுபோல் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டேன். திறந்தபோது முள் மிதக்கும் கூழ் இருந்தது. வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இலக்கு சின்னதுதான். இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு: சோறு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட சங்கரா மீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். அடுப்படியில் நிற்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என்னைப் படுத்தியதெல்லாம் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் இருந்த வேலைகள். அதனால் அவற்றைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சிரிக்காதீர்கள். நான் பதினொரு மாத ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். கடைசிப் பக்கத்தில், தண்ணீர் மோட்டாருக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் நடுவில், அசைவம் சமைக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்திருக்கிறது. முட்டை வரைக்கும் யாரும் கண்டுகொள்ளவில்லை. மீன் வாசனை மட்டும் நேராக மேல்மாடிக்குப் போய்விட்டது. வீடு மாற வேண்டியதாயிற்று. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பழைய வீட்டு அட்வான்ஸில் பெயின்ட் அடிக்கவென்று ஒரு மாத வாடகை பிடித்தம், சாமான் ஏற்ற வண்டி. அந்த அரைக் கிலோ மீனுக்கு நான் கொடுத்த விலை அதுதான்.

பல இடங்களில் இந்த நிபந்தனை காகிதத்தில் இருக்காது, வாய்வார்த்தையாகத்தான் இருக்கும். எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, புரோக்கரிடம் இல்லாமல் வீட்டுக்காரரிடமே நேராகக் கேளுங்கள். "கவுச்சி சமைக்கலாமா சார்?" என்று கேட்டால் போதும். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்", "சிக்கன் பரவாயில்லை, மீன் வேண்டாம்", "வெள்ளி, செவ்வாய் கூடாது" என்றெல்லாம் பதில் வரும். எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. சமையலறை ஜன்னல் யார் வீட்டு வாசலைப் பார்த்துத் திறக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

2. அடுப்பும் சட்டியும்

வழக்கமான 14.2 கிலோ கேஸ் இணைப்புக்கு ஆதார் நகல், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முகவரிக்கு ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்கலாம். (அதைப் படிக்க இன்னொரு காரணம்.) மேன்ஷனிலோ நண்பர்களுடன் பகிர்ந்த அறையிலோ இருந்தால் பெரும்பாலும் உங்கள் பெயரில் எந்தக் காகிதமும் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. இந்தியன் ஆயில் அதை 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. முகவரிச் சான்று தேவையில்லை, ஏதாவது ஒரு அடையாள அட்டை நகல் போதும். கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். முதல்முறை சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும், அடுத்தடுத்து கேஸுக்கு மட்டும். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய சிலிண்டரைவிட விலை கூடுதல்தான். வாரம் இரண்டு நாள் சமைப்பவருக்கு அது பெரிய சுமை இல்லை.

தெருமுனைக் கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து குட்டி சிலிண்டருக்கு கேஸ் ஏற்றித் தருவார்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. ரப்பர் குழாயும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவே இருக்கட்டும்.

சட்டி விஷயத்தில் நான் மாட்டிய பொறி இது. மண்சட்டியில் வைத்தால்தான் மீன் குழம்பு ருசி என்று எல்லோரும் சொல்ல, ஒன்றை வாங்கி வந்தேன். அறையில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் மண்சட்டி சூடாகாது, வெறும் அலுமினியமும் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டுமே வேலை செய்யும். இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் காந்தம் ஒட்டுகிற, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரம் வாங்குங்கள், குழம்பு நன்றாகவே வரும். கேஸ் இருந்தால் மண்சட்டி வாங்கலாம். நான் வாங்கியது 200 ரூபாய். வாங்கிய அன்றே சமைக்க முடியாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அடுத்த இரண்டு மூன்று நாள் வடித்த கஞ்சியை ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவிட வேண்டும். இதை "பழக்குவது" என்பார்கள். பழக்காத சட்டி முதல் குழம்பிலேயே விரிசல் விட்டுவிடும். புளி ஊற்றும் குழம்பு என்பதால் அலுமினியச் சட்டியைத் தவிர்த்துவிடுங்கள்.

3. எந்த மீன்

முதல்முறைக்கு என் பரிந்துரை சங்கரா. இளஞ்சிவப்பு நிறம், கண்டதும் தெரியும். சதை ஓரளவு கெட்டி, குழம்பில் சட்டென்று உடையாது. நடுமுள்ளை எடுத்துவிட்டால் சில்லுமுள் தொல்லை அதிகம் இல்லை. நான் வாங்கிய நாட்களில் அளவைப் பொறுத்து கிலோ 300 முதல் 450 ரூபாய் வரை இருந்தது.

மத்தி மலிவு, ருசியும் அபாரம். ஆனால் பொடிமுள் நிறைய. முள் எடுத்துச் சாப்பிடப் பழகியவர்களுக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. எங்கள் ஊர் கட்லாவும் ரோகுவும் பார்க்கப் பெரிய துண்டாக இருப்பதால் முள் குறைவு என்று நினைக்கத் தோன்றும். சதைக்குள்ளேயே கவட்டை போல இரண்டாகப் பிரிந்த முட்கள் ஒளிந்திருக்கும், கவனம். வஞ்சிரம் துண்டு போட வசதி, முள்ளும் குறைவு. ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், முதல் பரிசோதனையை அதில் செய்ய வேண்டாம். நெத்திலி குழம்புக்கு நல்லதுதான், தலை கிள்ளிச் சுத்தம் செய்வதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. சென்னையில் மத்தி என்பதை நாகர்கோவில் பக்கத்து நண்பன் சாளை என்பான். காணாங்கெளுத்தி அவனுக்கு அயிலை. பெயர் மாறினாலும் மீன் அதேதான். பெயர் நினைவில் இல்லாவிட்டால் வெட்கப்படாமல் "குழம்புக்கு, முள்ளு கம்மியா, ரெண்டு பேருக்கு" என்று சொல்லுங்கள். நான் முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

4. எப்போது வாங்குவது

நேரம் மூன்று விதமாக முக்கியம்.

முதலாவது, வருடத்தில் எந்த மாதம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும் என்றாலும் வரத்து குறையும், விலை ஏறும், வெளியிலிருந்து ஐஸில் வந்த மீன் கலக்கும். அந்த இரண்டு மாதத்தில் நான் பேசாமல் அணை மீனுக்குத் திரும்பிவிடுவேன். இதற்கு நேர்மாறு புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பாதி ஊர் கவுச்சி சாப்பிடாது. அப்போது கூட்டமும் இல்லை, விலையும் இறங்கும். விரதம் இல்லாதவர்கள் சமையல் பழகுவதற்கு அதுதான் சரியான மாதம்.

இரண்டாவது, வாரத்தில் எந்த நாள். ஞாயிறு காலை விலையும் நெரிசலும் உச்சத்தில் இருக்கும். ஆற அமரப் பார்த்து வாங்கவும் முடியாது, வெட்டும் இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமையோ அமாவாசையோ என்றால் கடைக்காரருக்கே பேச்சுத்துணை தேவைப்படும். எனக்குப் பொருந்துவது சனிக்கிழமை காலை.

மூன்றாவது, எத்தனை மணிக்கு. காசிமேட்டுக்கு விடிவதற்கு முன்பே போக வேண்டும் என்பார்கள். அங்கே அந்த நேரத்தில் நடப்பது பெரும்பாலும் மொத்த வியாபாரம், கூடை கூடையாக ஏலம். அரைக் கிலோவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட், பட்டினப்பாக்கம் லூப் ரோட்டுப் பக்கம், அல்லது உங்கள் பேட்டையில் இருக்கும் சின்ன மார்க்கெட் போதும். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மிச்சத்தைக் கூறு கட்டி நூறு ரூபாய், ஐம்பது ரூபாய் என்று விற்பார்கள். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது லாபம். நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

5. பார்த்து வாங்குவது

கண்ணைப் பாருங்கள், தெளிவாக, சற்றுப் பிதுங்கி இருக்க வேண்டும். உள்ளே குழிந்து வெளுத்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். விரலால் சதையை அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். வயிறு உடைந்து ஒழுகக் கூடாது. கடைசியாக மூக்கு. புது மீனில் கடல் வாசனை அடிக்கும். மூக்கைத் துளைக்கிற நாற்றம் அடித்தால் எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது. சில கடைகளில் செவுளைத் தொட்டால் "மீனப் பாத்தா தெரியல?" என்று அதட்டுவார்கள். தொடவிடாத கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மத்தி, காணாங்கெளுத்தி, சூரை வாங்கும்போது இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை. இந்த மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. ஐஸ் மேல் இருக்கிற மீன் என்றால் பழைய மீன் என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் வைத்த மீன், காலையிலிருந்து வெறும் தட்டில் காயும் மீனைவிட எவ்வளவோ மேல்.

அளவு: முழு மீனாக முக்கால் கிலோ. செதில், குடல், செவுள், துடுப்பு எல்லாம் போக ஏறக்குறைய அரைக் கிலோ மிஞ்சும். எடை எப்போதும் வெட்டுவதற்கு முன்பு போடுவதுதான், அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று தராசில் மீனோடு ஏறும் ஐஸிலும் தண்ணீரிலும் இருக்கிறது. "தண்ணிய வடிச்சிட்டு போடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பேரம் பேசலாம், ஆனால் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்காதீர்கள். முப்பது, நாற்பது ரூபாய் குறையும். அதைவிட ஒரே அக்காவிடம் நாலு வாரம் வாங்குவது பலன் தரும். ஐந்தாவது வாரம் "இன்னிக்கு சங்கரா வேணாம் தம்பி, பாறை எடுத்துக்கோ" என்று அவரே சொல்லிவிடுவார்.

6. வெட்டுவதும் கழுவுவதும்

மார்க்கெட் ஓரத்தில் அரிவாள்மனையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கிலோவுக்கு 30, 40 ரூபாய் வாங்குவார்கள், மீனுக்கு மீன் மாறும். மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் செதில் எடுக்க முயலாதீர்கள். நான் ஒருமுறை செய்து, இரண்டு வாரம் கழித்துக்கூட மின்விசிறி இறக்கையில் செதிலைக் கண்டெடுத்தேன்.

"குழம்புக்கா, வறுவலுக்கா?" என்று கேட்பார்கள். குழம்புக்கு என்று சொல்லி, துண்டு கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். தலையை வாங்கிக்கொள்ளுங்கள், குழம்புக்கு ருசி தருவதில் பாதி அதுதான். செவுளை எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். குடல் எடுக்கும்போது பித்தப்பை உடைந்துவிட்டால் அந்த இடம் பச்சையாகி, குழம்பே கசக்கும். பச்சைக் கறை தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தூக்கிப் போட்டுவிடுங்கள். குடலும் செதிலும் அங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

மூடி இறுகிய ஒரு டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். பாலிதீன் பையில் வாங்கினால் பேருந்தில் நமக்கு மட்டும் தனி இருக்கை கிடைக்கும். தூரம் என்றால் ஒரு கை ஐஸ் கேளுங்கள், கொடுப்பார்கள்.

வீட்டில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு ஒவ்வொரு துண்டாக உரசி, மூன்று முறை கழுவுங்கள். கடைசித் தண்ணீர் தெளிவாக வர வேண்டும். வெந்நீர் வேண்டாம். நாற்றம் போகவில்லை என்றால் கொஞ்சம் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஐந்து நிமிடம் வையுங்கள். மீன் நாற்றத்துக்கு முக்கியக் காரணமான டிரைமெத்திலமின் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கிவிடும். கழுவிய மீனைத் தண்ணீர் வடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் வாங்கி அன்று இரவு சமைக்க இது போதும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் காலையில் வாங்கி இரவு வரை வைத்திருக்காதீர்கள். சாயங்காலம் புது மீன் வரும் கடையைத் தேடுங்கள், அல்லது மதியச் சாப்பாடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

7. காய்கறி

மீன் குழம்போடு என்ன காய் செய்யலாம் என்று என் அம்மாவிடம் போனில் கேட்டபோது முதலில் தடைகள்தான் வந்தன. இரவில் கீரை கூடாது. மீனோடு தயிர், மோர் கூடாது. இதற்கெல்லாம் காரணம் கேட்டால் போனை வைத்துவிடுவார். நான் வாதாடவில்லை. கீரையும் தயிரும் போனபின் மிச்சம் இருக்கும் காய்கள் போதும்.

குழம்புக்குள் போட நான்கு சின்னக் கத்தரிக்காய், பாதி மாங்காய். கத்தரிக்காய் கிடைக்காவிட்டால் ஒரு முருங்கைக்காய். பொரியலுக்கு அவரைக்காய் கால் கிலோ. அவரைக்காயில் இரண்டு பக்கமும் நார் உரிக்க வேண்டும், சோம்பலாக இருந்தால் முட்டைக்கோஸ். கூட சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி இரண்டு, பூண்டு, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு மூடித் தேங்காயில் பாதி. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகவே வந்துவிடும், தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

காயை முதலில் நறுக்குங்கள், மீனைக் கடைசியில் தொடுங்கள். மீன் பட்ட பலகையில் காய் நறுக்கக் கூடாது.

8. அடுப்பில்

ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்குச் சாப்பிடலாம். என் வரிசை இது.

ஏழு மணி: எலுமிச்சை அளவு புளியை இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். மாங்காய் போடுவதால் இதற்கு மேல் புளி வேண்டாம். இரண்டையும் அள்ளிப் போட்டு ஒருநாள் பல் கூசக் கூசச் சாப்பிட்டேன். அரிசியைக் களைந்து ஊறவையுங்கள். மீனை ஃபிரிட்ஜிலிருந்து இப்போதே எடுக்காதீர்கள். வெங்காயம் உரிக்க, காய் நறுக்க இருபது நிமிடம் ஆகும். கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், கறுக்காது.

ஏழு இருபது: ஒரு அடுப்பில் சோறு. அது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னொரு அடுப்பில் சட்டி.

நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அதிகமாகத் தோன்றும், குறைக்காதீர்கள். கால் தேக்கரண்டி வெந்தயம் போட்டு லேசாகச் சிவந்ததும் கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கீறிய பச்சை மிளகாய். வெந்தயம் கறுத்துவிட்டால் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், அந்தக் கசப்பு போகாது. வெங்காயம் வதங்க ஐந்து நிமிடம். தக்காளி போட்டுக் குழைய இன்னொரு ஐந்து நிமிடம்.

இப்போது தூள். இங்கேதான் பெரிய பொறி. குழம்பு மிளகாய்த்தூள் வேறு, தனி மிளகாய்த்தூள் வேறு. முதலாவதில் மல்லியும் மற்ற சாமான்களும் கலந்திருக்கும், இரண்டாவது வெறும் மிளகாய். செய்முறைகளில் "மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் குழம்புத் தூளைத்தான் சொல்கிறார்கள். வெறும் மிளகாய்த்தூளை அந்த அளவில் போட்டுவிட்டு நானும் என் அறைத்தோழனும் கண்ணீர் விட்டோம். குழம்புத் தூள் இல்லையென்றால் ஒரு பங்கு மிளகாய்த்தூள், இரண்டு பங்கு மல்லித்தூள் என்று சேர்த்து இரண்டு மேசைக்கரண்டி. கால் தேக்கரண்டி மஞ்சள். தீயைக் குறைத்து ஒரு நிமிடம் கிளறுங்கள், கருகவிடாதீர்கள்.

புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். உப்பு ஒன்றரைத் தேக்கரண்டியில் தொடங்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொதி வந்ததும் கத்தரிக்காய். மூடி, மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும் வரை பொறுங்கள். மீனைப் போட்ட பிறகு குழம்பைக் கொதிக்கவைத்துச் சரிசெய்ய முடியாது. அதனால் கெட்டி, புளிப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டும். ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பாருங்கள்.

சரியாக இருந்தால் மாங்காய்த் துண்டுகள். மூன்று நிமிடம் கழித்து தலையையும் மீன் துண்டுகளையும் ஒவ்வொன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறக்குங்கள். இந்த நிமிடத்திலிருந்து கரண்டிக்குத் தடை. கலக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள், அது போதும். சின்னத் தீயில் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். துண்டின் நடுவில் சதை வெள்ளையாகி முள்ளைவிட்டு விலகினால் வெந்துவிட்டது. மண்சட்டியாக இருந்தால் இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள், அணைத்த பிறகும் அது கொதித்துக்கொண்டே இருக்கும். மேலே பச்சைக் கறிவேப்பிலையும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு மூடி, குறைந்தது இருபது நிமிடம் தொடாமல் வையுங்கள்.

அந்த இருபது நிமிடம் பொரியலுக்கு. எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெங்காயம். அவரைக்காயைப் போட்டு, உப்பு சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள்.

9. வறுவல் வேண்டுமென்றால்

முதல் நாளே இரண்டையும் செய்யாதீர்கள். அடுத்தமுறை இரண்டு துண்டை எடுத்து மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் ஒட்ட வடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகே மீனை வைக்க வேண்டும். வைத்த பிறகு நான்கு நிமிடம் தொடக் கூடாது. திருப்ப வராமல் ஒட்டிக்கொண்டால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், சுரண்டாமல் இன்னொரு நிமிடம் விடுங்கள்.

10. செலவு

கடைசியாக நான் எழுதிவைத்த கணக்கு: சங்கரா முக்கால் கிலோ 300, வெட்டுக்கூலி 30, காய்கறி வெங்காயம் தக்காளி 80, தேங்காய் 25, எண்ணெய் புளி தூள் அரிசி எல்லாம் உத்தேசமாக 60. மொத்தம் 495 ரூபாய். ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட 250. ஹோட்டல் மீன் சாப்பாட்டைவிட மலிவாக இல்லையே என்று தோன்றலாம். மறுநாள் காலை இட்லிக்கும் அதே குழம்புதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தி வாங்கினால் இதில் நூறு ரூபாய்க்கு மேல் குறையும்.

11. சாப்பிட்ட பிறகு

முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடக்கூடும். தண்ணீர் குடித்து, இருமிப் பாருங்கள். போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள், நிமிட வேலை. சாப்பிடும்போது போனைப் பார்க்காமல் இருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது.

மிச்சக் குழம்பை வெளியில் வைத்துத் தூங்காதீர்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் போக வேண்டும். காலையில் எடுத்து முழுதாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். முந்தின நாளைவிட ருசியாக இருக்கும், மாங்காய் குழம்பில் ஊறி இன்னும் நன்றாக இருக்கும்.

பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. வாசனை நின்றால் பிழிந்த புளிச் சக்கையால் தேயுங்கள். கைக்கும் அதேதான். மண்சட்டிக்கு மட்டும் சோப்பு போடக் கூடாது, அது உறிஞ்சிவைத்து அடுத்த குழம்பில் திருப்பிக் கொடுக்கும். கடலை மாவோ சாம்பலோ போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்.

மீன் முள்ளை அன்று இரவே வாசல் குப்பைத் தொட்டியில் போட்டால் விடிவதற்குள் தெருப் பூனைகள் அதை மாடிப்படி முழுக்கப் பரப்பியிருக்கும், வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் முள்ளைக் காகிதத்தில் சுற்றி, ஒரு டப்பாவில் அடைத்து ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். காலையில் குப்பை வண்டி வரும் சத்தம் கேட்டதும் எடுத்துக்கொண்டு இறங்கி, காகிதத்தோடு மக்கும் குப்பையில் போட்டுவிட்டு, டப்பாவைக் கழுவி அடுத்த சனிக்கிழமைக்கு எடுத்து வைப்பேன். எங்கள் தெருவுக்கு வண்டி ஏழேகாலுக்கு வரும். உங்கள் தெருவில் எப்போது என்று மீன் வாங்குவதற்கு முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.